கிளம்பும்போது சொல்ல வேண்டியது

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, இது வணக்கத்தோடு எழுதப்பட்டதுதான். அந்த வணக்கம் முழுவதும் அக்காவுக்கு. உங்களுக்கென்று மிச்சம் அதிகமில்லை.

ஊத்தங்கரைப் பக்கம், வானம் பார்த்த விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மாமா இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தபின், உதிரிபாகக் கம்பெனியில் சோதனைப் பிரிவில் நின்றார். நின்றார் என்றால் நின்றேதான், ஷிப்டு முழுவதும். பிள்ளை இல்லை. "அவளுக்கென்ன, தனிக்கட்டை" என்று கல்யாண வீடுகளில் நீங்கள் பேசியது அவர் காதுக்கு வராமல் இல்லை.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் லாரியில் அடிபட்டு விழுந்த கிளியை ஒருநாள் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு இறக்கை கடைசிவரை கூடவில்லை. பறக்காத கிளி, பறந்ததெல்லாம் அதன் கோபம்தான். அக்காவின் கை அதற்குக் கிளை. வேறெந்தக் கையும் கத்தி. ஹெல்மெட் போட்ட தலையைக் கண்டால் கூண்டே குலுங்கும்.

பிறகு நோய் வந்தது. சிகிச்சைக்கு அக்கா பெங்களூரில் தங்கியிருந்தபோது நான் வைத்த எதையும் கிளி தொடவில்லை. அவர் திரும்பி வந்தபோது அது பச்சைத் துணி சுற்றிய எலும்பாக இருந்தது.

"டேய், நான் பொழைக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால இது பட்டினி கெடந்து சாவக் கூடாது. ஆள் வேணும்டா. உன்ன அது சேத்துக்கல, வேற புது ஆளு. பழக்கணும்."

ஆள் கேட்டு உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தார். சித்தப்பா தலைமையில் வேன் பிடித்து வந்தீர்கள். நோயாளியை ஒரு பார்வை, வீட்டுச் சுவர்களை நூறு பார்வை. கூண்டுக்குள் விரலை விட்டு "எங்க, தாத்தா சொல்லு" என்றார் சித்தப்பா. கிளி விரலைக் கிழித்தது.

"கழுத்தத் திருகிப் போடாம, இதுக்குக் கொய்யா நறுக்கிட்டு இருக்கறா பாரு!"

"வெரல ஏன் வுட்டீங்க சித்தப்பா? உங்க வூட்டுக்கு வந்து ஒருத்தன் உங்க மூக்குல வெரல வுட்டா சும்மா இருப்பீங்களா?" என்றார் அக்கா.

அதோடு நீங்கள் வரவில்லை. பக்கத்து வீட்டு ரத்னம்மா வந்தார். கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுபவர். அவரைக் கண்டும் கிளி அலறியது. ஆனால் அவர் கிளம்ப எழுந்தால் அலறல் அடங்குவதை அக்கா கவனித்தார்.

"நீ வர்றது அதுக்குப் புடிக்கல ரத்னா. நீ போறதுதான் புடிச்சிருக்கு."

"அய்யோ, எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான் அக்கா."

"சிரிக்காத. போறதுலேருந்தே ஆரம்பிப்போம்."

ஆரம்பித்தார்கள். ரத்னம்மா வாசலோரம் பக்கவாட்டில் உட்காருவார். கிளியின் கண்ணைப் பார்க்கமாட்டார். அக்காவிடம் சீரியல் கதை பேசுவார். எழும்போது "ஹோக்பர்த்தீனி" என்பார். போய்விட்டு வருகிறேன் என்பதற்குக் கன்னடம். கிண்ணத்தில் ஒரு வேர்க்கடலை போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பார். மெல்ல மெல்ல, அந்தச் சொல் காதில் விழுந்தால் கிளி கிண்ணத்துக்கு ஓடிவந்தது. நாற்காலி வாரத்துக்கு ஒரு சாண் உள்ளே நகர்ந்தது. கையிலிருந்து வாங்கும் நாள் மட்டும் வரவில்லை. அதற்குள் அக்கா போய்விட்டார்.

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அது நம் வழக்கம். அழுதீர்கள், எழுந்தீர்கள், வாய் திறக்காமல் போனீர்கள். ரத்னம்மாவும் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு அப்படித்தான் போனார். கூண்டிலிருந்து கிளி ஒவ்வொரு முதுகையும் பார்த்தது. எந்த முதுகும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நான் போட்ட கடலை போட்டபடி கிடந்தது.

பால் தெளித்துத் திரும்பிய அன்று சித்தப்பா கூண்டைத் தூக்கினார். "பீடை. வெளிய வுட்டுத் தொலைங்க."

"அது பறக்காது சித்தப்பா. பூனை தின்னுடும்" என்றேன்.

"தின்னட்டும். அதுக்கின்னா இப்ப?"

சுவரோரம் நின்ற ரத்னம்மா நிறைந்து கிடந்த கிண்ணத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தானையைச் செருகிக்கொண்டு, கூடம் முழுவதும் கேட்கச் சொன்னார்: "ஹோக்பர்த்தீனி."

"ஏ பொம்பள! சாவு வூட்ல போயிட்டு வரேன்னு சொல்றியே, அறிவிருக்கா? வருசம் முடியறதுக்குள்ள இந்தக் குடும்பத்துல இன்னொரு சாவு வுழும் பாரு. அது உன்னாலதான்!"

"உங்களுக்குச் சொல்லல சாமி. கிளிக்குச் சொன்னேன்."

சித்தப்பாவின் கையில் தொங்கிய கூண்டுக்குள் தன் உள்ளங்கையை நீட்டினார். கடலை அதில் இருந்தது. கிளி கம்பியைக் கவ்விக் கவ்வி இறங்கியது. ஒரு கண்ணால் பார்த்தது. வாங்கிக்கொண்டது. அத்தனை பேர் இருந்த கூடத்தில் கடலை ஓடு உடையும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா கேட்டிருக்க வேண்டிய சத்தம்.

அக்காவைப் பெங்களூருக்கும் வீட்டுக்குமாக அலுக்காமல் கொண்டுபோய்க் கொண்டுவந்த கார் டிரைவருக்கும், லீவு போட்டு உடன் இருந்த கம்பெனித் தோழியருக்கும் எங்கள் கைகூப்பு. ரத்னம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். கிளி அவர் வீட்டில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம்கூட இப்போது கடலை வாங்குகிறது.

சித்தப்பா அவர்களுக்கும் ஒரு செய்தி. வருடம் முடிந்துவிட்டது. நம் குடும்பத்தில் ஒருவரும் சாகவில்லை. தாங்களும் நலம், இதை வாசிக்கும் அளவுக்கு நலம். இந்த மலரின் முதல் பிரதி தங்களுக்குத்தான்.

— தம்பி