இறங்கிய நேரம்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கம் மலர் போடுகிறது. அதில் எங்கள் பள்ளியில் படித்த போர் விமானி ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதாம். நான் படித்தது பத்தாம் வகுப்பு. பிழைப்பு பஜாரில் ஜெராக்ஸ் கடை. முன்பின் தெரியாதவரிடம் மணி கேட்கவே பத்துத் தடவை யோசிப்பேன்.

"எத்தன பிளேன சுட்டாருன்னு கேட்டுனு வாக்கா. அதான் முக்கியம்," என்றார் சங்கச் செயலாளர். "ஞாயித்துக்கிழமக்குள்ள அந்தப் பக்கம் வரலன்னா அவர் இல்லாமத்தான் மலரு."

விமானி இங்கே, தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் பிறந்தவர். எழுபத்தோராம் ஆண்டு பாகிஸ்தான் போரில் சண்டை விமானம் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஊருக்கே திரும்பி, ஒரு நாயும் நாலு ரோஜாச் செடியுமாக இருக்கிறார். முதல் நாள் போனேன். விமானப்படை மெஸ்ஸில் சாம்பார் இனிக்கும் என்றார். முதன்முதலாகத் தலைகீழாகப் பறந்தபோது பையிலிருந்த வேர்க்கடலை முழுவதும் முகத்தில் கொட்டியதாம். போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்க வாயெடுத்தேன். "டீ ஆறுதுமா," என்றார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. நாய்க்கு என்னைப் பிடித்துப்போனது, அவ்வளவுதான் லாபம்.

சனிக்கிழமை. நோட்டில் சாம்பாரும் வேர்க்கடலையும்தான் இருந்தன.

"இன்னாமா, எழுதி முடிச்சிட்டியா?"

"இல்லீங்க சார்."

எத்தனை விமானம் என்ற கேள்வி நாக்கு நுனியில் நின்றது. வெளியே வந்தது வேறு. என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கீழே இறங்குகிறவருக்குப் பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு டோக்கன் திரும்பவில்லை என்றால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம்.

"நீங்க மேல போனா டோக்கன் யாருகிட்ட சார் குடுப்பீங்க?"

அவர் கப்பைக் கீழே வைத்தார்.

"எங்கப்பாவும் சுரங்கம்தான். நான் படையில சேந்தப்ப லெட்டர்ல இதத்தான் கேட்டாரு," என்றார். "டோக்கன் இல்லமா, கரும்பலகை. பேரு, ஏறின நேரம், இறங்கின நேரம்."

ஒரு நாள் காலை இவரும் நண்பர் ஒருவரும் ஆளுக்கொரு விமானத்தில் போனார்கள். இவர் மட்டும் திரும்பினார். நண்பரின் பெயருக்கு நேரே கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. சாயங்காலம் அந்தப் பெயரை அழிக்கச் சொன்னார்கள். இவர் டஸ்டரை எடுத்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மூன்று நாள் கொடுக்கவில்லை. பேன்டெல்லாம் சுண்ணாம்பு.

மூன்றாம் நாள் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து நின்றது. உச்சியில் காலில் கட்டோடு நண்பர். விமானத்தில் குண்டு பட்டு, பாராசூட்டில் குதித்துக் கரும்புக் காட்டில் விழுந்திருக்கிறார். நொண்டிக்கொண்டே நேராகப் பலகைக்குப் போய், இறங்கிய நேரத்தைத் தானே எழுதினாராம். பிறகு, பலகையை ஏன் இவ்வளவு அழுக்காக வைத்திருக்கிறாய் என்று இவரைத் திட்டினாராம்.

சொல்லிவிட்டு விமானி வாய்விட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் கடைக்கு வந்து படித்தார்.

"இன்னாக்கா, டஸ்டர் கதயா இருக்குது? எத்தன பிளேனு?"

"கேக்கல."

"போய் கேட்டுனு வா."

"கேக்க மாட்டேன். போட்டா இப்டியே போடு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"மூணு நாளும் பாக்கெட்லயேவா வச்சிருந்தாரு?"

"ஆமா."

பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பினார்.