பெலாச்சான் வாட்டும் நேரம்

ஒரு வீட்டின் கௌரவத்தைக் காப்பாற்ற, அங்கே வேலை செய்யும் ஒருத்தியின் பிழைப்பை விலையாகக் கொடுக்கலாமா? பட்டப்படிப்பில் நீதியைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். ஆயினும் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது ஒரு துண்டு பெலாச்சானின் வழியாகத்தான்.

கடல்கடந்த தேசத்தில், பெக்கோக் என்ற ஊரை அடுத்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அப்பா பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். கிராணிமார் வீடுகளில் சாப்பாட்டு மேசைமீது சீமைச் சாஸ் புட்டி ஒன்று நிற்கும். துரை பங்களாவிலும் அது நிற்கிறது என்பதே அதற்குரிய நியாயம். அதை யாரும் அதிகம் தொட்டதில்லை. நாங்கள் உண்மையில் விரும்பித் தின்றது, உப்பிட்டுப் புளிக்கவைத்த இறால் கட்டியான பெலாச்சானை நெருப்பில் வாட்டி, மிளகாயோடு அம்மியில் அரைத்த சம்பலை. ஆனால் அது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சாப்பாடு என்று பெயர் பெற்றிருந்தது. ஆகவே எங்கள் வரிசை வீடுகளில் ஓர் ஏற்பாடு இருந்தது; யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மாலையில் தொழிலாளர் லயங்களில் அடுப்புப் புகை கிளம்பிய பிறகே எங்கள் பெண்கள் பெலாச்சானை வாட்டுவார்கள். எழும் நெடி முழுவதும் லயத்தின் பேரில் போய்விடும்.

தங்கையைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊரான சாஆவிலிருந்து ஒரு கிராணி குடும்பம் வரவிருந்த நாளில் அந்த ஏற்பாடு பிசகியது. முந்தின மாலை முழுவதும் அம்மாவுக்குப் பலகார வேலை. சம்பல் இல்லாமல் அப்பா காலைப் பழஞ்சோற்றைத் தொடமாட்டார். விருந்தாளிகள் மத்தியானந்தானே வருவார்கள் என்று அம்மா காலையிலேயே வாட்டிவிட்டார். அவர்களோ அப்பா கை கழுவிய சற்று நேரத்திலேயே வாடகை மோட்டாரில் வந்து இறங்கினார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் நாற்காலியில் அமருமுன்பே மூக்கைச் சுளித்தார்.

"என்னங்க, நெடி இப்படித் தூக்குது?"

"லயத்துக் காத்துங்க. அவங்க திங்கிறது அப்படி," என்றார் அப்பா.

"வர்ற வழியில லயத்தப் பார்த்தேனே. எல்லாரும் பால் வெட்ட ரப்பர்க் காட்டுக்குப் போயிட்டாங்க. ஒரு அடுப்புலயும் புகையக் காணோம்."

அப்பா பின்வாசல் பக்கம் கைகாட்டினார். எங்கள் வீட்டு வேலைக்கு லயத்திலிருந்து வரும் அம்மாள் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க வேலையாத்தான் இருக்கும். சொன்னாக் கேக்கிறதில்ல. இன்னையோட நிறுத்திடறேன்."

பாத்திரம் தேய்க்கும் ஓசை நின்றது.

ரப்பர் விலை விழுந்துகிடந்த காலம் அது. வேலையற்றவர்களைத் தோட்டங்கள் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தன. முழங்கால் வீங்கியதால் அந்த அம்மாளால் பால்வெட்டுக்குப் போக முடியாமலாகியிருந்தது. எங்கள் வீட்டு வேலையும் போனால், ஒரே மகளையும் பேரப்பிள்ளைகளையும் லயத்தில் விட்டுவிட்டு நாகப்பட்டினத்துக்குத் தனியே திரும்ப வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால் தங்கையின் சம்பந்தம் முறியக்கூடும். இரண்டையும் எடைபோட்டு நான் வாய் திறக்க முனைந்தபோது, தங்கை சமையலறையிலிருந்து வந்தாள். கையிலிருந்த சம்பல் கிண்ணத்தைச் சாஸ் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பாத்திரம் தேய்க்கிற அக்கா மேல தப்பில்லங்க. இது அப்பாவுக்காக அரைச்சது. தினமும் திங்கிறதுதான். நானுந்தான்."

மாப்பிள்ளையின் தாயார் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"காலையிலயா வாட்டினீங்க?" என்றார் மெதுவாக. "நாங்க லயத்துல புகை கிளம்பினப்புறந்தான்..."

"நீ சும்மா இரு," என்றார் அவர் கணவர்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டார்கள். கிண்ணத்தை யாரும் தொடவில்லை.

அந்தச் சீமைச் சாஸிலும் ஊறிய மீன்தான் இருந்தது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். ஆனால் என்னை நெடுநாள் உறுத்தியது வேறொன்று. ஒரு கூட்டத்தின்மேல் போடும் பழி யாருக்கும் வலிக்காது என்று நாங்கள் அனைவரும் நம்பியிருந்தோம். அன்று லயம் காலியாகக் கிடந்ததால், அந்தப் பழி ஒரே ஒருத்தியின் தலையில் இறங்கப் பார்த்தது.

சாஆவிலிருந்து பதில் வரவில்லை. தங்கைக்குப் பின்னர் வேறிடத்தில் மணமாயிற்று. வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை அப்பா மறுபடி எடுக்கவில்லை. அந்த அம்மாள் எங்கள் வீட்டிலேயே வேலையில் இருந்தார். சாஸ் புட்டியும் மேசைமீதே இருந்தது. அம்மா மட்டும் அதன்பின் புகைக்காகக் காத்திருக்கவில்லை. வேண்டிய வேளையில் பெலாச்சானை வாட்டினார்.