பெரிய எழுத்தில் இருந்த வேகம்

என் மனைவியின் வேலையைக் கெடுத்தவன் நான். மழை இல்லை, கம்பி இல்லை, கம்பி இழுக்க வந்த சகாயமும் இல்லை. நான்தான்.

எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். எவ்வளவு எளிதாக இருக்கிறது! ஐந்தாறு சொற்கள். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம் இதைச் சொல்ல மாதக்கணக்காக எனக்கு வாய் வரவில்லை. முன்பின் தெரியாத உங்களிடம் வருகிறது. நீங்கள் திட்டினாலும் எனக்குக் கேட்காது அல்லவா... அந்தத் தைரியம்தான்.

கோவை கணபதியில், பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைகிற ஒரு பட்டறையில் எனக்குச் செக்கிங் வேலை. வயது நாற்பத்திரண்டு. காலை ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். விளையாடத்தான். இந்த வயதில் துப்பாக்கி தூக்கிச் சுடுகிற விளையாட்டு. சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் மைக்ரோமீட்டரைப் பிடித்து ‘இது ஆகும், இது ஆகாது’ என்று பிரித்துப் போடுகிறவனுக்கு, சாயங்காலம் நாலு பேர் ‘அண்ணா, செம’ என்று சொல்வது தேவைப்பட்டது. நான் ஆடுவதை இணையத்தில் நேரலையாகவும் ஓட்டினேன். பார்த்தவர்கள் பதினொரு பேர். நல்ல நாளில் பதின்மூன்று.

என் மனைவி ஸ்டெல்லா கணக்கு டீச்சர். கருமத்தம்பட்டிப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்து இடுப்பெலும்பு தேய்ந்தது. பஸ் ஏறவே கூடாது, வெகுநேரம் நிற்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டாள். எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தாள். சும்மா என்றா சொன்னேன்? பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துத் தனக்குத்தானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அந்த வாய்ப்பு வந்தது. வளைகுடா நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே வீடியோவில் கணக்குச் சொல்லித்தர வேண்டும். சாயங்காலம் ஆறரை முதல் எட்டு வரை. மூன்று மாதம் தற்காலிகம், அதன்பின் ஒரு பரிசோதனை வகுப்பு, தேறினால் நிரந்தரம். உட்கார்ந்த இடத்திலிருந்து மறுபடி டீச்சர் ஆகலாம். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அதற்கு நல்ல நெட் வேண்டும். பிளானைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு!

எங்கள் பகுதிக்கு நெட் லைன் போடுகிறவன் சகாயம். எங்கள் பங்குக் கோவில்காரன்தான். இரண்டு நோட்டீசுகளோடு வந்தான்.

“ஏனுங்கண்ணா, இது சாதா பைபர் பிளானுங்க. நம்பர் பார்த்தா சின்னதாத் தெரியும். ஆனா நம்மளுக்கு வர்ற வேகமும் நம்மகிட்ட இருந்து போற வேகமும் ஒண்ணுதானுங்க. அக்கா வீடியோல பாடம் எடுக்கறாங்கன்னா, போற வேகந்தான் முக்கியமுங்க. உங்க கேமுக்கும் இதே தாராளமாப் போதுமுங்க.”

நான் அவன் கையிலிருந்த இன்னொரு நோட்டீசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் தாள். அதில் நெருப்புக் கக்குகிற ஒரு மண்டை ஓடு. ‘கேமிங் பிளான்’. கீழே சாதாப் பிளானைப்போல் மூன்று மடங்கு பெரிய ஓர் எண், கொட்டை எழுத்தில்.

“அதுல போற வேகம் ரொம்பக் கம்மிங்கண்ணா...” என்று சகாயம் இழுத்தான். “நீ எழுது தம்பி,” என்றேன்.

அந்தத் தாளின் அடியில் பொடி எழுத்தில் அவன் சொன்னது அச்சாகியிருந்தது. நான் வாசிக்கவில்லை. ஒரு மயிரிழை கூடினால் பாகத்தைத் தூக்கி எறிகிற செக்கிங்காரன், சொந்த வீட்டுக்கு வாங்கியதை அளந்து பார்க்கவில்லை! இதை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் எரிச்சல் வருகிறது.

“எதுங்க நல்லது?” என்று கேட்டாள் ஸ்டெல்லா.

“இதுதான் கண்ணு. உன்ர கிளாசுக்காகத்தான் பெருசாவே போடறேன்.”

பாருங்கள், எவ்வளவு சரளமாக வந்திருக்கிறது. அன்று பல்லடத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டு, “எனக்காகவே பெரிய பிளானாப் போட்டுக் குடுத்திருக்காரு,” என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு வருடத்துக்கு மொத்தமாக எடுத்த பிளான்.

பிளானோடு வந்த ரூட்டரில் ஒரு வசதி இருந்தது. வீட்டில் எந்தக் கருவிக்கு முதலிடம் என்று நாமே சொல்லிவிடலாம். என் கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். அவள் லேப்டாப் மிச்சத்தைத் தின்றது.

பாடம் தொடங்கிய முதல் வாரத்திலேயே படம் உறைந்தது. “டீச்சர், கேக்கலை டீச்சர்...” என்று பிள்ளைகளின் குரல். அவள் சன்னலோரம் போய்ப் பார்த்தாள். ரூட்டருக்கு நேர் கீழே, சமையலறை வாசலில், முதுகு சாய்க்க இடமில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் பின்னத்தைக் கூட்டிக் காட்டினாள். நான் தண்ணீர் குடிக்க வந்தவன், அவளைத் தாண்டித்தான் போனேன்.

மூன்றாம் வாரம் பொடி எழுத்தை வாசித்தேன். எனக்கு விளங்கிவிட்டது. நான் நேரலை ஓட்டினால் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற வழி முழுவதையும் நானே அடைத்துக்கொள்கிறேன். சகாயத்தைக் கூப்பிட்டு ‘மாற்றிக் கொடு’ என்றிருக்கலாம். குறைந்தபட்சம் அந்த ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? மாற்றினால் தப்பாகத் தேர்ந்தெடுத்தேன் என்று ஆகிவிடுமே! வறட்டுக் கௌரவம்... அதற்குமேல் காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

பரிசோதனை வகுப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அவள் தலைக்குக் குளித்து, பள்ளிக்குக் கட்டுகிற காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

“ஏனுங்க, இன்னைக்கு ஒருநாள் மட்டும் அந்த கேமை வெக்காதீங்க. ஒரு மணி நேரந்தானுங்க.”

“தொடவே மாட்டேன் கண்ணு. நீ பயப்படாம எடு.”

அன்றைக்கு எங்கள் அணிக்குத் தகுதிச் சுற்று. அதை அவளிடம் சொல்லவில்லை. ஆறே முக்கால் வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். போனில் செய்தி மேல் செய்தி. ‘அண்ணா எங்க?’ ‘அண்ணா இல்லாம முடியாது.’ அண்ணா போனேன். கதவைத் தாழிட்டேன். நேரலையையாவது விட்டிருக்கலாம்... தகுதிச் சுற்றாயிற்றே, நாலு பேர் பார்க்க வேண்டாமா? அதையும் போட்டேன். பத்தொன்பது பேர் பார்த்தார்கள். இன்றைக்கும் அந்த எண்ணிக்கை எனக்கு மறக்கவில்லை. பாவி! சுவருக்கு அந்தப் பக்கம் அவள், “கேக்குதுங்களா? இப்பக் கேக்குதுங்களா?” என்று நாலைந்து முறை சொன்னது ஹெட்செட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது. கேட்டும் ஆடினேன்.

தோற்றோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் வேலைக்கு அன்றிரவே வந்த பதில் இரண்டு வரி. குரல் தொடர்ச்சியாக இல்லை, விளக்கும்போது ஆசிரியர் தடுமாறுகிறார். அந்தத் ‘தடுமாறுகிறார்’ என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள். “நெட்டு மட்டும் இல்லீங்க. எனக்கே பழைய மாதிரி சொல்லித்தர வரலையாட்ட இருக்குது,” என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டுமா இல்லையா? ‘விடு, பாத்துக்கலாம்’ என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வது!

மறுநாள் காலை அவளே சகாயத்தை வரச்சொன்னாள். அவன் தன் போனில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, நேற்று எந்தக் கருவி எந்நேரம் எவ்வளவு இழுத்தது என்று பார்த்தான். முதலிடத்தில் என் கம்ப்யூட்டர். ஆறே முக்காலிலிருந்து எட்டுவரை. எல்லாம் எழுதி வைத்ததுபோல் இருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“லைன்லதான் கோளாறுங்களா தம்பி?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

எங்கள் ஊர் மரியாதையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவரைப் பெண்டாட்டி முன்னால் குறைத்துப் பேசமாட்டோம். வாய் தவறியும் பேசமாட்டோம். சகாயம் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

“ஆமாங்கக்கா. கம்பத்துல ஜாயிண்ட் சரியில்லீங்க. எங்க தப்புதானுங்க.”

யாரையும் கடிந்து பேசியறியாதவள் அன்று பேசினாள். “நீங்க சுளுவாச் சொல்லிப்போட்டீங்க தம்பி. எனக்குப் பொழப்பே போயிருச்சு.” அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றன.

வாசலில் வண்டியை எடுக்கும்போது அவன் மெதுவாகச் சொன்னான்: “அக்கா முன்னால சொல்ல மனசு வரலீங்கண்ணா. நீங்களே பக்குவமாச் சொல்லிப்போடுங்க.”

“சொல்லிப்போடறேன் தம்பி.”

சொல்லவில்லை.

இப்போது ஸ்டெல்லா அடுத்த தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். நின்றுகொண்டே செய்கிற வேலை. எது கூடாதென்று டாக்டர் சொன்னாரோ, அது. கணக்கு வினாத்தாள் நகலுக்கு வந்தால் ஒரு நிமிடம் நின்று வாசித்துவிட்டுத்தான் மிஷினில் வைப்பாளாம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். வகுப்புக்கென்று வாங்கிய ஹெட்செட்டைத் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டாள். “எனக்கு இனி எதுக்குங்க, உங்களுக்கு ஆகும்.” மைக் நல்ல மைக். என் குரல் இப்போது துல்லியமாகக் கேட்கிறது என்கிறார்கள், என்னோடு ஆடுகிறவர்கள்.

தவக்காலத்தில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றேன். “பொய் சொல்லியிருக்கேன் சாமி,” என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நானும் எழுந்து வந்தேன். திருடிய மாட்டை வீட்டில் கட்டிவைத்துக்கொண்டு கயிற்றை மட்டும் திருப்பிக் கொடுத்தவன் மாதிரி. கோவிலிலும் கழுவுற மீனில் நழுவுற மீன்தான் நான்.

ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் ஒன்று உண்டு. முன்னால், பின்னால் இருப்பவர்களைப் பார்த்துக் கைகூப்ப வேண்டும். சகாயம் பெரும்பாலும் எங்களுக்கு முன் வரிசையில் இருப்பான். திரும்பி, இருவருக்கும் கைகூப்புவான். நான் கூப்புவேன். ஸ்டெல்லா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒவ்வொரு ஞாயிறும் இது நடந்தது.  போகப்போக, கைகூப்பும்போது அவன் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

போன ஞாயிறு அவள் திரும்பிக்கொள்ளவில்லை. அவனைப் பார்த்து நன்றாகக் குனிந்து கைகூப்பினாள். சகாயத்தின் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னாள்: “அந்தத் தம்பியை மன்னிச்சுப்போட்டேனுங்க. பாவம், வேணும்னா செஞ்சிருப்பான்? இத்தனை மாசமா மனசுக்குள்ள வெச்சிருந்தது... இப்பத்தான் நிம்மதியா இருக்குது.”

நான் ‘ம்’ என்றேன். என்னால் முடிந்தது அந்த ஓரெழுத்து.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு, “வருசம் முடியுதில்லீங்க, பிளானு? அந்தத் தம்பிகிட்டயே போட்டுருங்க. எதுன்னு நீங்களே பாருங்க. உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும்,” என்றாள்.

நேற்று சகாயம் புதிய நோட்டீசுகளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். மணி அடிக்கவில்லை. இரண்டும் என் முன்னால் இருக்கின்றன. சாதாப் பிளானைக் கேட்டால் ஏனென்று ஸ்டெல்லா கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்...

அடுத்த அறையில் அவள் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வாசனை இங்கே வருகிறது. நான் கறுப்பு நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.