ஈர உடுப்பும் ஆர்தரின் வெடிமருந்தும்

பரஃபின் ஹீட்டரின் மணமும் ஈரக் கம்பளியின் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறும்... எண்பதுகளின் கடைசியில் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி அறை அது.

கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. வெளியில் ஓயாத மழை. மாடிப்படி முடிகிற இடத்தில் கயிறு கட்டித்தான் உடுப்புக் காயப்போடுவேன்.

வீட்டுக்காரர் ஆர்தர் மனைவியை இழந்தவர். எங்களுக்குப் பக்கத்துச் சின்ன அறையை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார். சனிக்கிழமைகளில் உள்ளேயிருந்து டக்... டக்... என்று கேட்கும். மணிக்கூடு திருத்துகிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் கதவைத் தட்டினார். உள்ளங்கையில் பித்தளைத் தோட்டாக்கள். என் உடுப்புகளைக் காட்டி ஏதோ சொன்னார். "டாம்ப்", ஈரம், என்ற சொல் மட்டும் விளங்கியது.

அதே பித்தளை நிறம்... ஊரில் எங்கள் ஒழுங்கையில் தம்பி சுடுபட்டு விழுந்து கிடந்த இடத்தைச் சுற்றி அதுதான் சிதறிக் கிடந்தது.

அப்படியே படியில் இருந்துவிட்டேன்.

என் பார்வை போன இடத்தைக் கண்ட ஆர்தர் கையை மூடி, தோட்டாக்களைப் பொக்கெற்றில் போட்டார். எனக்குக் கீழ்ப்படியில் வந்து அமர்ந்தார்.

"ஹூ வாஸ் இட்?"

"மை பிரதர்," என்றேன்.

தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கும் சொன்னது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் வேலையால் வந்த கணவர் ஆர்தரிடம் கேட்டு வந்து விளக்கினார்.

"அவர் கிளப்பில குறிபார்த்துச் சுடுறவர். லைசென்ஸ் இருக்கு. தோட்டாவுக்கு மருந்தை அந்த அறையில தானே நிரப்புறாராம். மருந்து ஈரத்தைக் குடிச்சால் பாரம் கூடுமாம், எரியிறது குறையுமாம். சுட்டால் வேகமில்லாமல் இலக்குக்குக் கீழ போகுதாம்."

"வெடிமருந்து இருக்கிற வீட்டில என்னால இருக்க ஏலாது," என்றேன்.

"இந்தக் குளிருக்குள்ள வேற ரூம் ஆர் தருவினம்?"

அடுத்த சனிக்கிழமை ஆர்தரும் கிளப் சினேகிதர் ஒருவரும் அந்த அறையிலிருந்த எல்லாவற்றையும் ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். நான் உடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் போனேன். "லீவ் இட்," அப்படியே விடு என்றார் ஆர்தர்.

"சினேகிதன்ர வீடு நல்ல ட்ரையாம். அதுதான் கொண்டுபோறாராம்," என்றார் கணவர். அவர் அதை நம்பினாரோ தெரியாது. நான் நம்பவில்லை.

இப்போது லண்டனிலேயே குட்மேய்ஸில் சொந்த வீடு. ஹீட்டிங், ட்ரையர் எல்லாம் உண்டு.

போன கிழமை மகள் கேட்டாள். "அம்மா, மாமாவுக்கு வாட் ஹாப்பன்ட்?"

"பிறகு சொல்லுறன்," என்றேன்.

அந்த மாடிப்படியில் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்... பெற்ற பிள்ளைக்குத் தமிழில் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.