ஸ்ரீனிவாசன் சாருக்கு ஒரு மலிவு சுவிஸ்

அருள்முருகனுக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். வளைகுடாவில், அல் குசைஸில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம் கீப்பர். இருநூறு ஆட்களின் வருகையைப் பதிவது அவன் வேலை. அதற்காக ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் கொடுத்திருந்தார்கள்.

2004இல் ஊரில் அவன் மனைவி விஜிக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். லீவு கேட்டு மேனேஜர் ஸ்ரீனிவாசன் முன்னால் போய் நின்றான். அவன் பாஸ்போர்ட் அவருடைய மேஜை டிராயரில் பூட்டிக் கிடந்தது.

"நீ போய் என்னய்யா பண்ணப் போறே? நீ என்ன டாக்டரா?" என்றார் அவர்.

ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. முகம் எப்படி இருந்தது என்று விஜி போனில் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

மறு வருஷம் செப்டம்பரில் அதே ஸ்ரீனிவாசன் அவனைக் கூப்பிட்டார். மனைவியும் இரண்டு மகள்களும் சுவிட்சர்லாந்து போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்களாம். டிராவல்ஸ்காரன் கேட்கிற தொகை கட்டுப்படியாகவில்லையாம்.

"நெட்ல பார்த்து டிரெயின்லயே சுத்துற மாதிரி ஒரு பிளான் போடு. எவ்வளவு குறையுதோ அவ்வளவு குறை."

"சரி சார்" என்றான். அந்த நிமிஷம் அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"தேதியை மாத்திக் குடுத்துடு, அலையட்டும்" என்றான் தொழிலாளர் கேம்பில் பக்கத்துக் கட்டில் மாயாண்டி.

"தப்பு இருந்தா என் மேல பாய்வான். ஒரு தப்பும் இருக்கக் கூடாது. அவன் கேட்டதை மட்டும் குடுக்கிறேன்."

மூன்று வாரம் டூட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்து அந்த நாட்டு ரயில் அட்டவணையைக் கரைத்துக் குடித்தான். நவம்பர் நடுவில் போனால் எல்லாம் பாதி விலை. மழையும் மேகமும் மலையை மூடிக்கொள்ளும், ரோப் கார் பலதும் பராமரிப்புக்காக நின்றிருக்கும். பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த உல்லாச ரயிலுக்குத் தனியாக முன்பதிவுப் பணம் கட்ட வேண்டும். அதே தண்டவாளத்தில் சாதா வண்டியும் போகிறது, நடுவில் நான்கு இடத்தில் இறங்கி மாற வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் ஆறு நிமிஷம்தான். தங்குவதற்கு இளைஞர் விடுதி. ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிஷம் மேடேற வேண்டும். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், அடுக்குக் கட்டில்.

எல்லாவற்றையும் தாளில் ஒளிக்காமல் எழுதினான். ஸ்ரீனிவாசன் கடைசி வரியில் இருந்த மொத்தத் தொகையை மட்டும் பார்த்தார். "பலே" என்றார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் அந்தத் தொகையைச் சொல்லிப் பெருமை அடித்தார்.

அவர்கள் போயிருந்த எட்டு நாளும் அருள்முருகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போது ஸ்ரீனிவாசன் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுவான். இப்போது நனைந்துகொண்டு மேடேறுவான். நினைக்க நினைக்கச் சோறு ருசித்தது.

திரும்பி வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மேல் கட்டிலில் ஏறி இறங்கியதில் பிடித்துக்கொண்டதாம். வாயைத் திறந்து குறை சொல்ல வழியில்லை. அத்தனை பேரிடம் பெருமை அடித்தாயிற்றே.

நான்காம் நாள் அவர் மனைவி தாமரை சாக்லேட் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தாள். நேராக அவன் மேஜைக்கு வந்தாள்.

"தம்பி, நீங்கதானே பிளான் போட்டது? மழைதான், மலையே தெரியல. ஆனா கல்யாணமாகிப் பதினாலு வருஷத்துல இப்படிச் சிரிச்சதில்ல. நாங்க மூணு பேரும் பொம்பளைங்க கூடத்துல, அவர் வேற கூடத்துல. அவர் அதட்டல் இல்லாம ஏழு ராத்திரி நிம்மதியாத் தூங்கினோம்."

அவனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இவளைச் சிரிக்க வைக்கவா மூன்று வாரம் கண் விழித்தான்?

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா தம்பி?"

சொல்ல வேண்டும் என்று அவன் திட்டம் போட்டிருக்கவில்லை.

"ஒண்ணு பொறந்துச்சு மேடம். ஒன்பது நாள் இருந்துச்சு. நான் பாக்கல. லீவு கேட்டேன், சார் குடுக்கல. பாஸ்போர்ட் அவருகிட்ட இருந்துச்சு."

தாமரையின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே அணைந்தது. சாக்லேட் பெட்டியை அவன் மேஜையில் வைத்துவிட்டு ஸ்ரீனிவாசனின் கேபினுக்குள் போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சத்தம் கேட்கவில்லை. அவள் நின்றபடி பேசுவதும், அவர் தலை மெல்லத் தாழ்வதும் மட்டும் தெரிந்தது. அருள்முருகன் கண்ணை எடுக்காமல் பார்த்தான். இடுப்பு வலியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் ஸ்ரீனிவாசனே எழுந்து வந்து பாஸ்போர்ட்டையும் இரண்டு மாத லீவுத் தாளையும் அவன் மேஜையில் வைத்தார்.

"அன்னிக்கு அவ்வளவு சீரியஸ்னு எனக்குத் தெரியாதுய்யா."

"உங்களுக்குத் தெரியும் சார். ஆஸ்பத்திரி ஃபேக்ஸ் உங்க கைக்குத்தான் வந்துச்சு."

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளை மடித்துப் பாஸ்போர்ட்டோடு பையில் வைத்துக்கொண்டு கேம்ப் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான். ஊருக்குப் போனவன் அந்தக் கம்பெனிக்குத் திரும்பவே இல்லை.