அம்மாவின் கம்ப்யூட்டரில் கரடி

அலுவலகத்தில் அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். வீடியோ கேம் தயாரிக்கும் சின்ன நிறுவனம் அது. எல்லாரும் வேலை முடிந்தது என்று கைதட்டும் நேரத்தில் ஒரு பிழையைக் கொண்டுவந்து மேசைமேல் போடுவதுதான் அவள் உத்தியோகம். சின்ன வயதிலேயே தெருவில் இருக்கிற அழைப்பு மணியெல்லாம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்து அடி வாங்கியவள். இப்போது கதவில்லாத சுவரில் நுழையப் பார்க்கிறாள், குளத்துக்குள் சைக்கிள் விடுகிறாள், அதற்குச் சம்பளமும் வாங்குகிறாள். யாருக்குக் கிடைக்கும் இந்தப் பிழைப்பு!

சோதனை அறைகள் இரண்டு. ஒன்றில் டிவிக்கு அடியில், அதில் இணைத்து விளையாடும் ஒரே ஒரு கன்சோல் பெட்டி, எதிரே சோபா. கன்சோல் எந்த வீட்டில் இருந்தாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்த அறைக்காரர் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் குறட்டையே விடுவார். முட்டுக்கட்டையின் அறையிலோ முப்பத்தேழு கம்ப்யூட்டர்கள். ஒன்று புத்தம் புதுசு, ஒன்று கிழம், ஒன்றுக்கு மூடி கிடையாது, ஒன்று பக்கத்தில் யாராவது தும்மினாலே அணைந்துவிடும். இங்கே ஒவ்வொரு சோறும் ஒவ்வொரு பானையிலிருந்து வந்தது. ஆறு வருடத்தில் நான்கு விளையாட்டுகள் செய்தார்கள், நான்கும் கன்சோலுக்குத்தான் போயின. கம்ப்யூட்டருக்கு அப்புறம் பார்க்கலாம் என்பார் முதலாளி. அந்த அப்புறம் வந்தபாடில்லை.

இதில் நொந்துபோனது அவள் அம்மா. ஊரார் பிள்ளைகளெல்லாம் மகளின் விளையாட்டை ஆடுகிறார்கள், பெற்றவள் ஆடவில்லை. ஆசையாக வாங்கித் தந்த கன்சோலைத் தொட்ட அன்றே அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள்.

"என்னடி இது, எல்லாத்தையும் கட்டைவிரலாலயே பண்ணச் சொல்லுது? முப்பது வருஷம் டைப்பிஸ்டா இருந்தவ நான். என் கட்டைவிரல் ஸ்பேஸ்பார் தவிர வேற எதையும் தொட்டதில்ல. மிச்ச எட்டு விரலும் வேடிக்கை பாக்குறதா?"

ஐந்தாவது விளையாட்டில் ஒரு கரடி சைக்கிளில் போய் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும். இதைக் கம்ப்யூட்டருக்கும் விட வேண்டும் என்று அம்மாவுக்காகவே முட்டுக்கட்டை முதலாளியோடு மல்லுக்கு நின்றாள். மனுஷர் கடைசியில் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முப்பத்தேழிலும் ஓடினால் இரண்டுக்கும் ஒரே நாளில் வெளியீடு. இல்லாவிட்டால் கன்சோலுக்கு மட்டும்.

வியாழக்கிழமை முப்பத்தேழிலும் ஓடிவிட்டது. அவள் சந்தோஷத்தில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறையை மூன்று சுற்று வந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! முதல் ஆட்டத்தை முதலாளிக்கு முன்னால் அம்மாதான் ஆட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மறுநாள் காலையில் அம்மாவின் கம்ப்யூட்டரை ஒயர் ஒன்றுவிடாமல் காரில் ஏற்றி, அம்மாவையும் முன்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்து இறக்கினாள்.

அம்மா எட்டு விரலையும் விசைகளில் வைத்தாள். கரடி சைக்கிளில் ஏறியது. ஏறி, நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. பார்சல்கள் நாலாபக்கமும் பறந்தன.

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலடி!"

"கைய எடும்மா!"

அம்மா இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். கரடி முன்னைவிட வேகமாகச் சுற்றியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முதலாளி சிரித்த சிரிப்பில் சட்டையெல்லாம் நனைந்தது. முட்டுக்கட்டைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அம்மாவின் வலது கால் ஒரு பெடலை அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிப்பவர்கள் வைத்துக்கொள்ளும் பெடல் அது. மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். அம்மா இன்னமும் இரண்டு டாக்டர்களுக்கு வீட்டிலிருந்தே டைப் அடிக்கிறாள். விளையாட்டு அந்தப் பெடலை, கன்சோலில் கட்டைவிரலால் ஆட்டுவிக்கும் கன்ட்ரோலர் என்று நம்பி அம்மாவின் காலுக்கு அடங்கி நடந்திருக்கிறது.

"கால ஏம்மா அதுமேல வச்ச?"

"பின்ன எங்க வைக்கிறது? டைப் அடிக்க உக்காந்தா கால் தானா அங்க போகுது."

புரோகிராமர் ஓடிவந்து கால் மணி நேரத்தில் சரிசெய்தார். கரடி நேராக ஓடியது. மதியத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"முப்பத்தேழுலயும் ஓடுது, நான் வாக்கு மாற மாட்டேன்," என்றார் முதலாளி. "ஆனா நீங்களே சொல்லுங்க. இந்த மாதிரி பெடல் கிடல் வேற எந்த வீட்லயும் இல்லன்னு கையெழுத்துப் போடுவீங்களா? போட்டா இன்னைக்கே ரெண்டுக்கும் விட்டுடலாம்."

அம்மா மூன்றாவது பார்சலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் நின்றது. ஆறு வருடமாக இந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை பாடு! ஒரு கையெழுத்துதான். ஆனால் வீட்டுக்கு வீடு வாசப்படி. எந்த வீட்டு மேசைக்கு அடியில் எது கிடக்கிறதோ, யார் கண்டது?

"முடியாது சார்," என்றாள். "கன்சோலுக்கு விட்டுடுங்க. எனக்கு நாலு மாசம் குடுங்க, நூறு கம்ப்யூட்டர்ல பாத்துடறேன்."

"சரி. உங்க அம்மா கம்ப்யூட்டர்தான் முப்பத்தெட்டாவது. அதுல இருக்கிறது இருக்கட்டும், அவங்க ஆடி ஆடிக் குறை சொல்லட்டும்."

அவள் அம்மாவின் தோளைத் தொட்டாள். "அம்மா, முதல்ல கன்சோலுக்குத்தான் வருது. கம்ப்யூட்டருக்கு நாலு மாசம் ஆகும். உன்கிட்ட இருக்கிறது மட்டும் இருக்கும்."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்போ உலகத்துலயே கம்ப்யூட்டர்ல இத ஆடுறவ நான் ஒருத்திதானா?"

"ஆமாம்மா."

"அப்புறம் ஏண்டி அவசரப்படுற? ஒரு வருஷமே எடுத்துக்கயேன்."