பாடு கூப்பிடும் சிங்காரம்

"இன்னிக்கு அங்கமுத்து பாடு! நாளைக்கு சந்தியாகு பாடு! எவனாச்சும் குறுக்க வலையப் போட்டீங்க, காலை முறிச்சிருவேன்!"

இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நின்று சிங்காரம் கத்துகிறார். கோட்டைக்குப்பத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்கிற முறைதான் பாடு. நாற்பது வலைக்கும் அது அவருக்கு மனப்பாடம்; ஓலையும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. வீட்டில் குப்பம்மா மீன் தலையைப் பெரியவனுக்கு வைத்தால்கூட, "நேத்து அவன் துன்னான், இன்னிக்குச் சின்னவன் பாடு" என்று சட்டியை நகர்த்துகிற புருஷன்.

அந்தப் பித்துதான் அவரை மாட்டிவிட்டது. ஒல்லாந்து டச்சுக்காரர் கோட்டைக்குத் துணி கொடுக்கும் உரிமை யாருக்கு என்று பழவேற்காட்டு வியாபாரிகள் இரண்டு கட்சியாக அடித்துக்கொள்கிறார்கள். ஒன்று வடக்குத்தெரு, இன்னொன்று தெற்குத்தெரு. கோட்டைத் துரை கச்சேரி கூட்டி வழக்குக் கேட்கும் நாளில் வாசலில் யாருக்குக் கூட்டம் அதிகமோ அவர் பேச்சு எடுபடும். கூட்டத்துக்கு எங்கே போவது? குப்பத்துக்குத்தான்!

குப்பத்துக்கும் ஒரு குறை இருந்தது. கப்பல் சாமான் ஏற்றிவரும் படகுக்கு இடைஞ்சல் என்று, முகத்துவாரத்தில் வலை கட்டக் கூடாதெனத் துரை தடுத்துவிட்டார். அதுவும் இறால் ஏறுகிற மாதத்தில்! நாற்பது வீட்டு அடுப்பிலும் பூனை தூங்குகிறது. "துரை காதுல நாங்க போடுறோம்" என்று இரண்டு கட்சியும் வெற்றிலை வைத்து ஆள் கேட்டன.

சிங்காரம் என்ன செய்தார்? அதற்கும் பாடு போட்டார். முதல் கச்சேரிக்கு வடக்குத்தெருவுக்காகக் கத்தினார்கள், அடுத்ததற்குத் தெற்குத்தெருவுக்காக. வெயிலில் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இரண்டு வியாபாரிகளும் துரையிடம் துணியைப் பற்றிப் பேசினார்கள், துணியைப் பற்றி மட்டும் பேசினார்கள். வலையைப் பற்றி மூச்சு விடவில்லை. இதில் கொடுமை, இருவருமே சிங்காரத்தைத் துரோகி என்றார்கள்! ஊரான் தொண்டையை வாங்கிக் கத்தவிட்டவர்களுக்கு வாய் எவ்வளவு நீளம், பாருங்கள்.

"ரெண்டு பேருக்கும் ஞாயமாத்தானே ஆள் அனுப்பினேன்? இதுல இன்னா தப்பு?" என்று நாலு நாள் புலம்பித் தீர்த்தார் மனிதர்.

நேற்று மூன்றாம் கச்சேரி. விடிந்ததும் வடக்குத்தெரு ஆள் வேலு தாம்பூலத்தோடு வந்து நின்றான்.

"போனது போவட்டும்ணே. முப்பது தலை அனுப்பு. வலை சமாசாரம் அப்பால பேசிக்கலாம்."

சிங்காரம் தாம்பூலத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"தலையா? எங்களுக்கு வயிறு இல்லியாடா? துணிக்கு ரெண்டு கட்சி கீது, கப்பலுக்குத் துரை கீறாரு. எங்களுக்கு எவன் கீறான்?"

முகத்துவாரத்துப் பெரிய வலையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். யாரும் கூப்பிடாமலே குப்பம் முழுக்கப் பின்னால் வந்தது. கோட்டை வாசலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடைத்து வலையை விரித்தார்கள். இரண்டு கட்சித் துணி மூட்டைகளும் மாட்டு முதுகோடு வெளியே நின்றுவிட்டன.

துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி ஓடிவந்து, "எந்தக் கட்சிடா நீங்க?" என்று அதட்டினார்.

"இன்னிக்கு எங்க பாடு" என்றார் வலையின் நடுவில் உட்கார்ந்திருந்த சிங்காரம். கிழிந்த இடத்தைத் தேடிப் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு, ஒரு முடிச்சுப் போட்டார்.